கன்னட நாட்டு வசனகாரர்

உலக நடைக்கு மாறாகப் பாடுதல் எளிது. அங்ஙனம் வாழ்தலோ அரிது. இதற்குக் கி. பி. 12-ஆம் நூற்றாண்டிற் கலியாண நகரில் விளங்கிய கன்னட அடியார் வரலாறு சான்றாகும்.

பிஜ்ஜள மன்னனின் அமைச்சரான பசவண்ணர், அந்தணர் குலத்திற் பிறந்தும் குலவேற்றுமையைத் துறந்தவர். அவர் கூட்டத்தில் ஓடஞ் செலுத்தும் சௌடய்யர், ஆடை வெளுக்கும் மாசய்யர், செருப்புத் தைக்கும் அரளய்யர், இல்வாழ்வு துறந்த அக்கமகாதேவியார் முதலியோர் ஒருங்கிருந்தனர். அவர்தம் பாடல்கள் வசனம் எனப்படும். அவை யாப்பையும் அவைக்களப் புலமையையும் வேண்டாது, வழக்கிலுள்ள கன்னடத்தில் எழுந்தன. குலச்செருக்கையும் வெறுஞ்சடங்கையும் அவை கடிந்தது பிணக்கினாலன்று. இலிங்கந் தரித்தார் அனைவரும் ஒரு குலத்தரே என்னுந் துணிபினாலாம்.

அத்துணிபு சொல்லளவில் நின்றிருப்பின் உலகம் பொறுத்திருக்கும். அந்தணராகிய மதுவரசர் தம் மகளை அரளய்யர் மகனுக்கு மணஞ்செய்வித்தார். அதன்பொருட்டுத் தந்தையர் இருவரும் கொலைத்தண்டம் பெற்றனர் என்பது அம்மரபினர் வழங்கும் வரலாறு. கி. பி. 1167-ஐ ஒட்டிப் பிஜ்ஜளனும் கொலையுண்டான். அடியார் கூட்டம் சிதறிற்று.

வசனங்களோ அழிந்தில. ஓலைச்சுவடிகளிற் கிடந்த அவற்றைப் பக்கீரப்பா குருபசப்பா ஹளகட்டி தேடித் தொகுத்து, 1923-இல் நூலாக வெளியிட்டார். அக்கூட்டத்துத் தலைவராகிய அல்லமப்பிரபுவின் வரலாற்றை 17-ஆம் நூற்றாண்டிலேயே சிவப்பிரகாச சுவாமிகள் பிரபுலிங்கலீலையாகத் தமிழில் அருளினார்.

அடியாரிடத்துக் குலம் வினவலாகாதென நாமும் ஓதுகின்றோம். அவ்வோத்தினைத் தம் மனையின் மணவினையில் ஏற்று, அதற்கு உயிரையும் ஈந்தமையே அவர் பெருமை.