பகுதி, உறுப்பு, படி: பாலிமர் என்னும் சொல்லின் வரலாறு

பொதுவழக்கில் பாலிமர் எனப்படும் பொருள் தமிழகத்து வேதியியல் நூல்களில் பலபடி என்றும் பல்லுறுப்பி என்றும், இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பல்பகுதியம் என்றும் பெயர் பெற்றுள்ளது. மூன்றும் ஒரே கலைச்சொல்லுக்கு நிகராக அமைந்தவையாயினும், படியும் உறுப்பும் பகுதியும் அப்பொருளின் வெவ்வேறு இயல்பைச் சுட்டுகின்றன. அவ்வேறுபாடு விளங்க, மூலச்சொல் பிறந்த காலத்தில் எப்பொருளைக் குறித்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கிரேக்க மொழியில் 'பொலுஸ்' என்பது பல என்றும், 'மெரோஸ்' என்பது பகுதி என்றும் பொருள்படும். இவ்விரண்டையும் இணைத்து 1833-இல் இச்சொல்லை ஆக்கியவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1830-இல், அவர் 'ஐசோமர்' என்னும் சொல்லைப் படைத்திருந்தார். அணுக்களின் வகையும் எண்ணிக்கையும் ஒத்திருந்தும் பண்பில் வேறுபடும் சேர்மங்களை அது குறித்தது. ஆயினும், 1825-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த ஒரு வளி அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. அதில் கார்பனும் ஹைட்ரஜனும் எத்திலீனில் உள்ள அதே விகிதத்தில் இருந்தபோதிலும், அதன் அடர்த்தி எத்திலீனைப் போல இருமடங்காக இருந்தது. எத்திலீன் மூலக்கூறில் 2 கார்பன் அணுக்களும் 4 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன என்றால், பியூட்டீன் வகையைச் சேர்ந்த இவ்வளியில் அவை முறையே 4-ஆகவும் 8-ஆகவும் உள்ளன. இவ்வாறு விகிதம் ஒத்து, எண்ணிக்கை மடங்காகும் நிலையைக் குறிக்கவே பெர்சீலியஸ் புதிய சொல்லை வகுத்தார். ஆகவே தொடக்கத்தில் அது அணுக்கணக்கைச் சார்ந்த சொல்லாகவே இருந்தது. நீண்ட சங்கிலி என்னும் கருத்து அதில் இல்லை.

சங்கிலி என்னும் கருத்தை நிலைநாட்டியவர் ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டவுடிங்கர். ரப்பர், செல்லுலோஸ் போன்றவை சிறு மூலக்கூறுகள் வலிமை குன்றிய விசைகளால் திரண்ட கூட்டங்களே என்று பலரும் கருதிய காலத்தில், அவை இயல்பான வேதிப்பிணைப்புகளால் இணைந்த மிக நீண்ட மூலக்கூறுகள் என்று 1920-இல் அவர் எழுதினார். ரப்பரின் கூட்டத்தை அதன் இரட்டைப் பிணைப்புகளே பிடித்துவைத்துள்ளன என்பது எதிர்த்தரப்பின் கொள்கை. அது உண்மையாயின், ஹைட்ரஜனைச் சேர்த்து அப்பிணைப்புகளை நீக்கியதும் கூட்டம் கலைந்து சிறு மூலக்கூறுகள் வெளிப்பட வேண்டும். அவ்வாறு நிகழவில்லை, ஹைட்ரஜன் ஏற்ற ரப்பரும் பெருமூலக்கூறின் பண்புகளையே காட்டியது. 'பெருமூலக்கூறு' என்னும் பொருள் தரும் ஜெர்மன் சொல்லை 1922-இல் அவர் கையாண்டதும் இவ்வாய்வை ஒட்டியே. இப்பணிக்காக 1953-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பாலிமர் என்னும் சொல்லை அதன் பழைய பொருளின் எல்லையை முற்றிலும் கடக்கச் செய்தது அமெரிக்கரான வாலஸ் கரோதர்ஸின் பணியாகும். 1935-இல் அவருடைய ஆய்வுக் குழு உருவாக்கிய நைலானில், ஓர் அமிலமும் ஓர் அமீனும் இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது; அதனால் விளைபொருளின் அணுவிகிதம் தொடக்கப் பொருள்களின் விகிதத்தோடு ஒத்துப்போவதில்லை. பெர்சீலியஸின் கணக்குப்படி பாலிமர் ஆகாத நைலான், இன்று பாலிமருக்கே தலையாய எடுத்துக்காட்டாக நிற்கிறது.

இவ்வரலாற்றின் ஒளியில் தமிழ்ச் சொற்களை நோக்கினால் அவற்றின் நயம் புலப்படும். பல்பகுதியம் என்பது கிரேக்கச் சொல்லின் நேர்வடிவம். ஐசோமரைக் குறிக்கும் சமபகுதியம் என்னும் இலங்கை வழக்கோடு சேர்ந்து, ஒரே அறிஞர் படைத்த இரு சொற்களின் உறவைத் தமிழிலும் காத்துநிற்கிறது. தமிழக வழக்கிலுள்ள மாற்றியம் என்னும் சொல் பொருளைத் தெளிவாகவே உணர்த்தினாலும், அவ்வுறவை அது காட்டுவதில்லை. பல்லுறுப்பியில் உள்ள உறுப்பு என்பது ஓர் உடலோடு பிணைந்த கூறாகும். பகுதி, விகுதி முதலியவற்றைப் பகுபத உறுப்புகள் என்று இலக்கணம் வழங்குவதும் அவை ஒரு சொல்லாக இயைந்து நிற்பதனாலேயே. தனித்தனி மூலக்கூறுகளின் திரளன்று, ஒரே மூலக்கூறு என்று ஸ்டவுடிங்கர் வாதாடிய கருத்துக்கு இச்சொல் பொருந்துகிறது. படி என்னும் சொல்லுக்கோ நகல் என்ற பொருளும் உண்டாகையால், ஒரே அலகு மீள மீள வரும் பாலிஎத்திலீன் போன்றவற்றுக்குப் பலபடி என்பது மிக இயல்பாக அமைகிறது. ஆனால் இருபது வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோக்கப்படும் புரதத்தில் நகல் என்னும் கருத்து நெகிழ்ந்துவிட, அங்கே உறுப்பு என்பதே பொருளை நிறைவாகத் தாங்குகிறது.

எனவே இம்மூன்றையும் வெறும் ஒருபொருட் பன்மொழியாக அகராதியில் அடுக்கிவிடுவது போதாது. பகுதி என்பது பெயரின் பிறப்பையும், உறுப்பு என்பது பிணைப்பின் உண்மையையும், படி என்பது அலகின் மீள்வரவையும் கற்பிக்கின்றன. மூன்றையும் உடன்வைத்துப் பயிலும் மாணவருக்கு, நூறாண்டுகளுக்கு மேல் நீண்ட ஓர் அறிவியல் வாதத்தின் சாரம் தாய்மொழிச் சொற்களின் வழியாகவே கிட்டும்.