வீடு முழுக்க எல்இடி பல்பு... அப்புறமும் ஏன் டிரிப் ஆகுது? பழவேற்காடு போன்ற உப்புக்காற்று ஊர்களில் கவனிக்க வேண்டியவை

குண்டு பல்பை எல்லாம் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியாச்சு. ஆனாலும் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, சில நேரம் ஸ்விட்ச் பாக்ஸில் கருகிய வாடை வருகிறது. பல்பு மேல்தான் கோளாறா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லை. 60 வாட் குண்டு பல்பு 6 எரிந்தால் 360 வாட். 230 வோல்ட்டில் சுமார் 1.6 ஆம்பியர். அதே இடத்தில் 9 வாட் எல்இடி 6 போட்டால் மொத்தமே 54 வாட். மட்டமான பல்புகளில் பவர் ஃபேக்டர் 0.5 அளவுக்குக் குறைவாக இருக்கும், அதனால் வாட் கணக்கைவிட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். அப்படி இழுத்தாலும் அரை ஆம்பியரைத் தாண்டாது.

பில்லிலும் வித்தியாசம் பெரிசு. தினம் 5 மணி நேரம் எரிந்தால், 2 மாதத்துக்குக் குண்டு பல்புகளுக்கு மட்டும் 108 யூனிட். தமிழக அரசு தரும் 100 யூனிட் இலவசம் அதிலேயே காலி. எல்இடிக்கு ஆவது 16 யூனிட்தான்.

அப்போ லோடு எங்கிருந்து வருது?

லைட், ஃபேன், 5 ஆம்பியர் பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்யூட்டில் 10 பாயிண்ட், 800 வாட் வரைதான் என்பது வயரிங்கில் காலகாலமாக உள்ள விதி. பல்புகள் மிச்சப்படுத்திக் கொடுத்த இடத்தில் நாம் ரைஸ் குக்கரையும் அயர்ன் பாக்ஸையும் செருகிவிடுகிறோம். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றே 4.3 ஆம்பியர். 1500 வாட் ஹீட்டர் ராடு 6.5 ஆம்பியர், 6 ஆம்பியர் எம்.சி.பி. விழாமல் என்ன செய்யும்?

விழுகிறதே என்று சிலர் 16 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிடுகிறார்கள். இதுதான் மிக ஆபத்தான 'ரிப்பேர்'. எம்.சி.பி. காப்பது வயரை. பழைய மெல்லிய வயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும், ஆனால் எம்.சி.பி. விழாது. பழைய ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பி சுற்றுவதும் இதே கதைதான்.

ஏரிக்கரையில் இன்னொரு எதிரி

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் மாதிரியான மீனவர் ஊர்களில் உப்பு ஈரம் படியாத ஹோல்டர் இருக்காது. பித்தளை முனையில் பச்சைக் களிம்பு ஏறும், இணைப்பு லூஸாகும், அந்த இடம் மட்டும் சூடாகும். லோடு குறைவாக இருந்தாலும் இது நடக்கும். பல்பு சீக்கிரம் போகவும் இது ஒரு காரணம். உப்பு ஈரத்தில் கரண்ட் கசிந்தால் சாதாரண எம்.சி.பி.க்கு அது தெரியவே தெரியாது. அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எர்த் கம்பியும் அரித்துப்போகும், ஆண்டுக்கு ஒரு தடவை அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்விட்ச்சை ஆஃப் செய்த பிறகும் எல்இடி மங்கலாக மினுக்குகிறதா? சில சமயம் ஸ்விட்ச்சில் இருக்கும் இண்டிகேட்டர் விளக்கே காரணம். சுவர் ஈரத்தில் கசியும் கரண்டாகவும் இருக்கலாம். ஆனால் ஸ்விட்ச்சை பேஸில் கொடுக்காமல் நியூட்ரலில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் மினுக்கும். அப்படியென்றால், ஆஃப் செய்திருந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருக்கிறது. ஈரக்கையோடு பல்பு மாற்றப் போனால் ஷாக்தான். மெயினை ஆஃப் செய்யாமல் தொடாதீங்க. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்டரில் பார்க்கச் சொல்லுங்க.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸுக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரில் தனி லைன், 16 ஆம்பியர் பிளக் இழுத்துவிடுவதே சரி. தெருக் கம்பத்திலோ மீட்டர் பக்கமோ தீப்பொறி தெரிந்தால் நீங்களே கை வைக்க வேண்டாம். மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987.