விதானத்தில் ஒரு பொதி

லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் ஒரு மாடிப்படிக்கு மேலே பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது. ‘கிழக்கு தன் செல்வங்களைப் பிரிட்டானியாவுக்கு அளிக்கிறது’ என்பது அதன் பெயர். தீட்டிய ஆண்டு 1778. மலேசியத் தீவான பினாங்கின் பெயர் அதில் எங்கும் இல்லை. ஆனாலும் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஓவியம்தான் நினைவுக்கு வருகிறது.

பாறைமேல் வெள்ளைத்தோல் பிரிட்டானியா அமர்ந்திருக்கிறாள், பக்கத்தில் சிங்கம். கீழே கரிய நிறத்தில் இந்தியா, முத்தும் மணியும் ஏந்தியிருக்கிறாள். அடுத்துச் சீனா, பீங்கான் சாடியும் தேயிலையும் கொண்டுவந்திருக்கிறாள். வணிகத்தின் தேவனான மெர்க்குரி, இன்னும் வாருங்கள் என்பதுபோல் கைகாட்டுகிறான். தேம்ஸ் நதி கிழவனாகக் காலடியில் கிடக்கிறது. பின்னால் யானை, ஒட்டகம், பாய் விரித்த கப்பல். ஓரத்தில் கயிற்றால் இறுகக் கட்டிய ஒரு பெரிய பொதி.

நாட்டைப் பெண்ணாக வரைவது நமக்குப் புதிதல்ல. தமிழ்த்தாயும் பாரதமாதாவும் நம் வீட்டுச் சுவர்களில் இருப்பவர்கள்தாம். ஐரோப்பாவில் பரோக் காலத்து ஓவியர்கள் அரண்மனை, தேவாலய விதானங்களை இத்தகைய உருவகங்களால் நிறைத்தார்கள். அந்த மரபு தணிந்துகொண்டிருந்த நேரத்தில், ஒரு வணிகக் கம்பெனி அதை எடுத்துத் தன் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டது. லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தில், வருவாய்க் குழு கூடும் அறையின் விதானம்தான் ஓவியத்தின் முதல் வீடு. வங்காளத்தில் பெரும்பஞ்சம் வந்துபோய் எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வங்காளத்தின் வரிக்கணக்கை அந்த அறையில் பார்த்தவர்கள் அண்ணாந்தால் தெரிந்த காட்சி இது. அதை நினைக்கும்போது மனம் கசக்கிறது.

வரைந்தவர் ஸ்பிரிடியோனி ரோமா, கோர்ஃபு தீவில் பிறந்த கிரேக்கர். பிழைப்புக்காக லண்டன் வந்தவர். ஓவியம் தீட்டி எட்டு ஆண்டுகளில், 1786 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, பிரான்சிஸ் லைட் பினாங்கில் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அந்தத் தீவு கம்பெனிக்கு எதற்கு வேண்டியிருந்தது? இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே கப்பல் தங்க ஒரு துறை வேண்டும். ஓவியத்தில் சீனா ஏந்தி நிற்கும் தேயிலைதான் ஜார்ஜ் டவுன் பிறந்ததற்கு ஒரு பெரிய காரணம்.

‘அளிக்கிறது’ என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சயாம் படையெடுத்தால் காப்பாற்றுவார்கள் என்று நம்பித்தான் தீவுக்கு உரியவரான கெடா சுல்தான் அதில் இடம் கொடுத்தார். கம்பெனி அந்தப் பாதுகாப்பைத் தரவே இல்லை. 1791-ல் தீவை மீட்க அவர் எதிர்க்கரையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். தோற்றவர் கையெழுத்திட்ட உடன்படிக்கைப்படி தீவுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர். 1800-ல் எதிர்க்கரை நிலமும் கைமாறியபோது அது 10,000 ஆனது. ஓவியத்தில் இந்த எதிர்க்கரைக்கு இடமே இல்லை.

அந்தப் பொதிக்கு வருகிறேன். தமிழ்க் கண்ணுக்கு அது சோழமண்டலக் கரையின் துணிப்பொதி. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து அப்படிப்பட்ட துணியோடு பினாங்கில் இறங்கிய தமிழ் முஸ்லிம்களைத்தான் சூலியா என்றார்கள். ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோவதாக லைட்டே கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். பரங்கிப்பேட்டை காதர் மொகிதீன் தலைமையில் 1801-ல் எழுந்ததுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பின்னாளில் துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழர்கள் குயின் தெருவிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்தார்கள்; 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அவர்கள் நடுவேதான் இருக்கிறது. ரோமாவின் ஓவியத்தில் பொதிக்கு இடம் உண்டு. அதைச் சுமந்தவருக்குப் பெயரும் தெருவும் பள்ளிவாசலும் கோயிலும் கிடைத்தது பினாங்கில்.

இதே காட்சியை நம் ஊர்ச் சுவரில் வேறு விதமாகப் பார்க்கலாம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரம் இராமலிங்க விலாச அரண்மனையில் தீட்டிய ஓவியங்களில், வீற்றிருப்பவர் மன்னர் சேதுபதி. அவர்முன் வந்திருப்பவர்கள் ஐரோப்பியர்.

1858-ல் கம்பெனியிடமிருந்து ஆட்சி பறிபோனது. சில ஆண்டுகளில் லெடன்ஹால் தெரு மாளிகையை விற்று இடித்தார்கள். ஓவியத்தை இறக்கி, வைட்ஹாலில் புதிதாய்க் கட்டிய இந்தியா அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1947-ல் அந்த அலுவலகமும் முடிந்தது. கட்டடம் வெளியுறவுத் துறையிடம் போனது, ஓவியமும் அதனுடனே போனது. 1778-லிருந்து அது நகர்ந்த தூரம் லண்டனுக்குள்ளேயே சில கிலோமீட்டர்தான்.

பினாங்குக்காகக் கெடாவுக்குச் சேரவேண்டிய பணமோ வெள்ளையர் போன பிறகும் ஆண்டுக்கு 10,000 ரிங்கிட்டாகத் தொடர்ந்தது. அதை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்துவதாக மலேசிய அரசு அறிவித்தது 2018-ல்.