பிச்சாட்டூரும் அயலூர்களும்

சென்னையினின்று மும்பை நோக்கிப் புகைவண்டியில் செல்லும் தமிழர், அரக்கோணம் கழிந்ததும் திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா என்னும் பெயர்ப்பலகைகளைக் கண்டிருப்பர். திருத்தணிக்கு அப்பாலுள்ளவை ஆந்திர நாட்டு ஊர்கள். ஆயினும் அவற்றுட் சில நம் செவிக்கு அயலாகத் தோன்றுவதில்லை. இங்கிலாந்திலும் இவ்வாறே. மான்செஸ்டர் என்பதன் ஈற்றில் உரோமரது பாசறை ஒளிந்திருக்கிறது. டெர்பி என்பதன் ஈற்றில் டேனியரது சிற்றூர் இருக்கிறது. ஏவன் என்னும் ஆற்றின் பெயருக்கு, பழைய பிரித்தானியர் மொழியில், ஆறு என்பதே பொருள்!

சித்தூரைச் சிற்றூர் என்பதன் மரூஉ என்பர். பாலக்காட்டின் அருகும் ஒரு சித்தூர் உண்டு. புத்தூருக்கோ இரு பொருள் கூறலாம். புதிய ஊர் எனின் அது தமிழ்ப் பெயரே. தெலுங்கர் அதனைக் கொத்தூர் என்றன்றோ வழங்குவர்? புற்றுடைய ஊர் எனின், புற்றைப் 'புட்ட' என்னும் தெலுங்கருக்கும் அதில் பங்குண்டு. எலும்பு முறிந்தோர் நாடும் 'புத்தூர்க் கட்டு' இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்பது.

புத்தூருக்குத் தென்கிழக்கே, ஆரணியாற்றின் நீர்த்தேக்கத்தை அடுத்துள்ளது பிச்சாட்டூர். தமிழர் செவியில் இப்பெயர் பிச்சையையும், பிச்சாடனராகிய சிவபெருமானையும் நினைவூட்டும். தெலுங்கர் செவியிலோ 'பிச்சி', அதாவது பித்து, என ஒலிக்கும். நகைப்பதற்கில்லை, பித்தன், பிச்சன் என்பனவும் அப்பெருமானுக்குத் தமிழர் இட்ட பெயர்களே. எனினும் ஒலியொப்புமை ஒன்றையே பற்றிப் பொருள் துணிதல் ஏற்புடையதன்று. ஊரின் பழைய வடிவத்தைக் கல்வெட்டே காட்டல் வேண்டும்.

அயலிலுள்ள நாகலாபுரத்தில் இவ்விடர்ப்பாடு இல்லை. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் அன்னை நாகலாதேவியின் பெயரால் அமைந்த ஊர் அது. வேதநாராயணர் கோயில் அங்கு உளது.

இப்பெயர்களின் பொருட்டு ஒரு காலத்தில் பெரும் வழக்கே நிகழ்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறுவதை எடுத்துக்காட்டி, ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். படாஸ்கர் வகுத்த தீர்வோ பழம்பெயர்களை நோக்கவில்லை. ஊரை அலகாகக் கொண்டு, அங்கு வாழ்வோரின் பெரும்பான்மை மொழியையும் ஊர்களின் தொடர்ச்சியையும் நோக்கிற்று. அதன்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. அஃது அளவையில் நேர்மையே என்பது எம் கருத்து. பெயரிட்டோர் வேறு, இன்று குடியிருப்போர் வேறு அல்லவா? 2022-இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இன்று பிச்சாட்டூர் அடங்கியுள்ளது.

ஆரணியாற்றின் வழியே ஊத்துக்கோட்டையை நோக்கி இறங்கினால், எல்லைக்கு இப்பால் வருமுன்னர்ச் சுருட்டப்பள்ளி எதிர்ப்படும். நஞ்சுண்ட களைப்பால் சிவபெருமான் சாய்ந்து கிடக்கும் அரிய கோலம் அங்கே உளது. தெலுங்கருக்குப் 'பல்லி' என்பது ஊர். பிரதோஷ நாளில் எல்லை கடந்து திரளும் தமிழ் அடியார்க்கோ, பள்ளிகொண்டீசுவரர் துயிலும் இடமாதலின், அது பள்ளியேயாகும்.