கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த கதை: ஊரில் நிற்கிற பைக் ஏன் திணறுகிறது?

லீவுக்கு ஊருக்குப் போகிற நம்மில் பலருக்கும் பழகிப்போன விஷயம் இது. போர்ட்டிகோவில் பத்து மாசமா மூடி வைத்திருக்கிற பைக்கை வெளியே எடுப்போம். செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகும். பத்து செகண்ட் திக்கித் திணறும். அப்புறம் நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் ஆஃப். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "அந்தக் காலத்துல சோக் போட்டு நாலு கிக் அடிச்சா ஓடும், இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நான் மெக்கானிக் இல்லை. பி.காம் முடித்து, வளைகுடாவில் ஒரு பேங்கில் குப்பை கொட்டுகிறவன். ஆனா வண்டிப் பைத்தியம் சின்ன வயசிலிருந்தே உண்டு.

எங்க ஊர் சித்தூர். ஆந்திரா சித்தூர் இல்லீங்க, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுக்குள்ளே தமிழ் பேசுவோம். நல்லது கெட்டதுக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் பொள்ளாச்சி, கோவை. வண்டி நம்பர் முன்னாடி கே.எல்.9, இப்போ கே.எல்.70. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக ராத்திரியில் பஸ்ஸை நம்ப முடியாது. அப்பா அம்மாவை மட்டும் ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, அந்த பைக் நடுவழியில் நிற்காமல் ஓடுவது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குண்டூசி காலம்

1955-ல் மெட்ராஸில் என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பித்து புல்லட் வந்தது. 1961-ல் மைசூரில் ஐடியல் ஜாவா. 1984-ல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே வருஷம் யமஹா ஆர்எக்ஸ் 100. பேர்கள் வேற வேற. ஆனா எல்லாத்துக்கும் பெட்ரோல் ஊட்டினது ஒரே சாமான்: கார்புரேட்டர்.

அதில் மூளை என்று எதுவும் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சும். காற்று ஒரு குறுகலான வழியில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்தில் நிற்கிற பெட்ரோல் சின்ன ஓட்டை வழியாக மேலே வந்து காற்றோடு கலக்கும். அந்த ஓட்டைக்குப் பேர் ஜெட். அது அடைத்துக்கொண்டால் வண்டி திணறும். மெக்கானிக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, வாயால் ஊதி, மெல்லிசா ஒரு கம்பி விட்டுக் குத்தி மாட்டுவார். அரை மணி நேர வேலை. ரொம்ப நாள் நின்ற வண்டியா? கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து பழைய பெட்ரோலை வடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கார்புரேட்டருக்கு ஒரு குறை உண்டு. வெயிலா மழையா, சமவெளியா மலையா, வெளியே போகிற புகை சுத்தமா அழுக்கா, எதுவும் அதற்குத் தெரியாது. ஒரு தடவை வைத்த அளவுதான்.

புகை கொண்டுவந்த மாற்றம்

இன்ஜெக்‌ஷன் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. 1954-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரிலேயே பெட்ரோலைப் பீய்ச்சுகிற பம்ப் இருந்தது. முழுக்க மெக்கானிக்கல். எலக்ட்ரானிக் முறையை 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் கொண்டுவந்தது பாஷ். அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். மோட்டார் சைக்கிளில் முதலில் கொண்டுவந்தது கவாசாகி, 1980-ல், 1000 சிசி வண்டியில். 1983-ல் பிஎம்டபிள்யூ கே100.

நம்ம நாட்டுக்கு வர மேலும் இருபது வருஷம் ஆச்சு. 2006-ல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்ஐ வந்தது. 2007-ல் பல்சர் 220 இன்ஜெக்‌ஷனோடு வந்தது. அதே பல்சர் 220-ஐ 2009-ல் பஜாஜ் திரும்பவும் கார்புரேட்டர் வைத்து விற்றது, விலையையும் குறைத்து! அதாவது, கம்பெனியே பின்னால் போன காலம் அது. 2009-ல் ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 500 இன்ஜெக்‌ஷனில் வந்தபோது, பழைய புல்லட் மெக்கானிக்குகள் பலர் அதைத் தொடவே யோசித்தார்கள்.

விலை குறைவாக இருந்த வரை கார்புரேட்டர் பிழைத்தது. அதை முடித்துவைத்தது சட்டம். 2017 மார்ச் 29 அன்று, ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வண்டி விற்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. கடைசி இரண்டு நாள் ஷோரூம்களில் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதியது ஞாபகம் இருக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வர, சைலன்சரில் இருக்கிற வினையூக்கி ஒழுங்காக வேலை செய்யணும். அதற்குக் காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில், எடைக் கணக்கில் சுமார் 14.7-க்கு 1 என்று, எப்போதும் இருக்கணும். குண்டூசி ஓட்டையை நம்பி அதைச் செய்ய முடியாது. எனவே 100 சிசி வண்டியிலிருந்து பெரிய வண்டி வரை பெரும்பாலானவை இன்ஜெக்‌ஷனுக்கு மாறின.

பேங்க் ஆளாக இதை இப்படிச் சொல்வேன். கிளார்க் லெட்ஜரில் கையால் எழுதிக்கொண்டிருந்த கிளையில் திடீரென்று கோர் பேங்கிங் வந்த மாதிரி. கணக்கு அதே கணக்கு. வரவு, செலவு, இருப்பு எதுவும் மாறவில்லை. ஆனா பழைய கிளார்க்குக்கு பாஸ்வேர்ட் கொடுக்கவில்லை :-)

உள்ளே நடப்பது என்ன?

டேங்குக்குள்ளே ஒரு மின்சார பம்ப். பெட்ரோலை சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும். இன்ஜெக்டர் மில்லி செகண்ட் கணக்கில் திறந்து மூடும். எவ்வளவு நேரம் திறப்பது என்று ஈசியூ முடிவு செய்யும். அதற்குச் சேதி சொல்கிறவை சென்சார்கள்: த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு, காற்றின் அழுத்தம், சூடு, கிராங்க் எங்கே நிற்கிறது, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு.

இத்தனை இருந்தாலும் இன்ஜினுக்கு வேண்டியது பழைய மூன்றுதான்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. நாலாவதாகச் சேர்ந்தது நல்ல வோல்டேஜ். திணறுகிற வண்டியில் தேடவேண்டியதும் இந்த நாலைத்தான்.

போன வருஷம் எங்க சித்தப்பா வண்டிக்கு இதே வியாதி. ஸ்டார்ட் ஆகும், திணறும், நிற்கும். ஒரு சர்வீஸ் சென்டரில் (பேர் வேண்டாம்) ஈசியூ, த்ராட்டில் பாடி இரண்டும் மாத்தணும் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். சித்தப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஏம்ப்பா, இதுக்கு ஒரு பழைய வண்டியே வாங்கிடலாமே?" என்றார். "கொஞ்சம் பொறுங்க சித்தப்பா, நம்ம பழைய மெக்கானிக்கிட்ட ஒருதரம் காட்டுங்க" என்றேன். முப்பது வருஷம் கார்புரேட்டர் கழுவின மனுஷன் அவர். ஸ்கேனர் கிடையாது. டேங்கின் அடியில் இருந்த பெட்ரோலை ஒரு வெள்ளை பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தார். பத்து நிமிஷத்தில் கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தது. தண்ணீர். டேங்கைக் காலி செய்து கழுவி, பம்பில் இருந்த ஃபில்டரை மாற்றினார். வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? 2022 ஜூனில் நாட்டில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு அறிமுகமாகி, 2025-ல் அந்த அளவு எட்டப்பட்டது. எத்தனாலுக்குத் தண்ணீரோடு ஒட்டுறவு அதிகம். மாசக்கணக்கில் நிற்கிற, பாதி காலியான டேங்கில், மழைக்கால ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து கீழே தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடி மட்டத்திலிருந்துதான்! வருஷத்தில் ஒரு மாசம் மட்டும் வண்டி எடுக்கிற நமக்கு இது ரொம்பவே பொருந்தும்.

பணத்தை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது

சாவியைத் திருப்பிவிட்டுக் காதைக் கொடுங்க. இரண்டு மூன்று செகண்ட் "ஙொய்ங்" என்று பம்ப் ஓடணும். சத்தமே இல்லையா? கில் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி, அப்புறம் பம்ப், இந்த வரிசையில் பாருங்க. பேட்டரி நல்லா இருந்தால் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் பண்ணுங்க. பேட்டரி செத்திருந்தால் பழைய வண்டி மாதிரி தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது இதில் பெரும்பாலும் நடக்காது.

அடுத்து பெட்ரோல். அந்த பாட்டில் சோதனையைத் திறந்த வெளியில், இன்ஜின் ஆறின பிறகு, பீடி சிகரெட் இல்லாத ஆளை வைத்துச் செய்யச் சொல்லுங்க. கொஞ்ச தூரம் ஓடி நின்றால் டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்க. அதற்குப் பிறகு ஓடினால் மூடியின் காற்று ஓட்டை அடைப்பு.

மூன்றாவது, காற்று. ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருக்கா? த்ராட்டில் பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வெடித்திருக்கா? ஆக்ஸிலேட்டர் பிடித்தால் ஓடி, விட்டால் நிற்கிற வண்டியில், த்ராட்டில் பாடியில் ஐட்லிங் காற்று போகிற வழி அழுக்கேறி இருப்பது சாதாரணம். அப்புறம் ஸ்பார்க் பிளக். அப்புறம் எலி கடித்த வயர், பச்சை பிடித்த கனெக்டர், லூசான எர்த் போல்ட்.

கடைசியாக மீட்டரில் எரிகிற இன்ஜின் விளக்கு. அதன் கோடு எந்த சர்க்யூட்டில் கோளாறு என்றுதான் சொல்லும். சென்சாரா, வயரா, கனெக்டரா என்பதை ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்கணும். "கோடு வந்திருக்கு, சென்சார் மாத்தணும்" என்று போனில் சொன்னால், "வயரை அளந்து பார்த்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்க.

இங்கிருந்து பணம் அனுப்புகிற நமக்கு அந்த ஒரு கேள்வி போதும். அப்பா தனியாக சர்வீஸ் சென்டரில் நின்று தலையாட்டிவிட்டு வருவதைத் தவிர்க்கலாம். பழைய மெக்கானிக்கையும் கைவிட்டுவிடாதீங்க. ஒரு மல்டி மீட்டரும் ஸ்கேனரும் வாங்க அவருக்குக் கை கொடுத்தால், அடுத்த தெரு வண்டிகளும் பிழைக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இன்றைக்கே போன் பண்ணி ஒன்று சொல்லுங்க: வாரம் ஒருதரம் வண்டியைச் சும்மா ஸ்டார்ட் பண்ணி நிறுத்த வேண்டாம், கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வரட்டும்.