காசு கொடுக்காம அனுப்பினா செல்லுமா? பம்பாய் ஆஸ்பத்திரி வழக்கு

'நோட்டீஸ் பீரியட்'னு சொன்னாலே, பேப்பர் போட்ட அப்புறம் கம்பெனி நம்மள எத்தனை நாள் பிடிச்சு வைக்கும்ங்கறதுதான் ஞாபகம் வரும். கம்பெனி நம்மள அனுப்பும்போது அது நமக்குத் தர வேண்டிய நோட்டீஸும் ஒண்ணு இருக்கு. இன்னிக்கு அதோட கதை.

1950களில் பம்பாயில், ஜே.ஜே. குழும அரசு மருத்துவமனைகளில் வார்டு பணியாளர்களாக இருந்த இரண்டு பேரை அரசு வேலையை விட்டு நிறுத்தியது. சிவில் சப்ளைஸ் துறையில் வேலை போன ஊழியர்களுக்கு இடம் வேணுமாம். இழப்பீடு மட்டும் தரல.

ஆனா 1947 தொழில் தகராறு சட்டத்தில், 1953லயே 25எஃப் என்ற பிரிவு சேர்ந்திருந்தது. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்யணும்னா, காரணம் சொல்லி ஒரு மாச நோட்டீஸ், இல்லன்னா அந்த மாசச் சம்பளம். கூடவே, முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம்.

ரெண்டு பேரும் சங்கத்தோட ஹைகோர்ட் போனாங்க. தனி நீதிபதி தள்ளுபடி பண்ணிட்டார், மேல்முறையீட்டில் ஜெயிச்சாங்க. அரசு சுப்ரீம் கோர்ட் போச்சு. அங்க அரசு சொன்னது: ஆஸ்பத்திரி 'தொழில்' கிடையாது, அப்படியே இருந்தாலும், பணம் தரலங்கறதுக்காக நீக்கம் செல்லாமப் போயிடாது.

1960 ஜனவரியில் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு ரெண்டையும் ஏத்துக்கல. இழப்பீடு ஒரு முன்நிபந்தனை. நம்ம பாஷையில, 'இஃப்' கண்டிஷன் ஃபால்ஸ்னா உள்ள இருக்கற வரி ரன் ஆகாது.

இதுல என்ன பெரிய வித்தியாசம்னா, அந்தப் பணம் வெறும் கடன்னு வெச்சுக்கோங்க, முதலாளி முதல்ல அனுப்பிடுவார். வேலை போனவர் காசுக்காகக் கோர்ட்டுக்கு அலையணும். முன்நிபந்தனைன்னா, நீக்க ஆர்டரே செல்லாது. வேலையையே திரும்பக் கேட்கலாம்.

2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஒரு மாசமும் 15 நாளும் இருக்கு. டெக்னிக்கல் வேலையும் அதில் அடங்கும்; மேனேஜர் வேலை அடங்காது. நாமளே ராஜினாமா பண்ணா அது ஆட்குறைப்பே கிடையாது. எச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ரெக்கார்ட் நல்லா இருக்கும்"னு சொன்னா, உடனே கையெழுத்து போடாதீங்க. ஒரு வக்கீலைப் பார்த்துட்டு வந்து பேசுங்க.