நரம்புக் காயமும் மடங்கிய கையும்

நரம்பு கெட்ட கை சோர்ந்து தொங்கும் என்பதே பொதுவான எண்ணம். மேற்கையெலும்பு முறிந்து ரேடியல் நரம்பு நசிந்தால் அப்படித்தான், மணிக்கட்டு தொங்கிவிடும். பனையால் விழுபவர்களுக்கு நேரக்கூடியது அது. அல்னர் நரம்பு கெட்டால் கதை வேறு. விரலின் அடிமூட்டை மடக்கி மேல்மூட்டுகளை நீட்டுபவை உள்ளங்கையின் சிறுதசைகள். அவை செயலிழந்ததும் முன்கையின் பெருந்தசைகள் தடுப்பாரின்றி இழுக்கும். அடிமூட்டு பின்னுக்கு நிமிர, மேல்மூட்டுகள் உள்ளே மடங்கும். சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் அது நன்றாகத் தெரியும். ஆக, கையைக் கோணலாக்குவது உயிரோடிருக்கும் தசைதான். அதனால்தான் மணிக்கட்டில் அறுந்த நரம்பைவிட முழங்கைக்கு மேலே அறுந்தது விரல்களைக் குறைவாகவே மடக்குகிறது. இழுக்கும் தசைகளிலும் சில அங்கே ஓய்ந்துவிடுகின்றன.

இத்தகைய உடற்கூறும் சத்திரசிகிச்சையும் யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே கற்பிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களைப் பயிற்றினார். அவர் வெளியிட்ட ‘இரணவைத்தியம்’ என்ற சத்திரசிகிச்சை நூல் 1867இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், அவரது சொந்த நாட்டு உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டவர்களைக் கவனித்த வீர் மிச்செல் குழுவினர், நரம்புக் காயங்கள் பற்றிய முன்னோடி நூலை வெளியிட்டிருந்தனர்.

தமிழரிடையே மடங்கிய கைக்கு நெடுங்காலம் பெருங்காரணமாக இருந்தது போரன்று, நரம்பைக் கெடுக்கும் தொழுநோய். ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் அமைத்த விடுதியும், பின்னர் மட்டக்களப்பு வாவியின் மாந்தீவு மருத்துவமனையும் நோயாளரை ஊரிலிருந்து ஒதுக்கின. கையைச் சீராக்கலாம் என்ற எண்ணம் வரப் பல காலம் பிடித்தது. கிறீன் வந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1947இல், கொல்லிமலையில் பிறந்தவரும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவருமான பால் பிராண்ட் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனார். மடங்கிய கையுடன் நின்ற ஒருவரிடம் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நகம் பதிய வலித்தது. முன்கைத் தசைகள் வலுவோடிருந்தன! அவற்றில் ஒன்றின் தசைநாணைப் பிரித்து விரல்களுக்கு மாற்றித் தைக்கும் அறுவைச் சிகிச்சையை மறு ஆண்டே வேலூரில் தொடங்கினார். விரல்கள் குறைவதற்கு நோய் அவற்றைத் தின்பது காரணமல்ல என்பதும் அங்கே தெளிவானது. உணர்ச்சியற்ற கை சூட்டையும் வெட்டையும் அறியாது. தூக்கத்தில் எலி கடித்தாலும் தெரியாது. அதற்காக நோயாளரிடம் பூனை வளர்க்கச் சொன்னார்கள். 1955இல் தொடங்கிய காரிகிரி மையம் இவ்வாய்வுகளை மேலெடுத்துச் சென்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நீண்ட போரில் ஷெல் துண்டுகளும் சன்னங்களும் நரம்புக் காயத்துக்கு இன்னொரு காரணமாயின. அறுந்த நரம்பைத் தைத்தாலும் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். மேற்கையில் அறுந்தது உள்ளங்கையை எட்ட ஒரு வருடத்துக்கு மேலாகும். அதற்குள் சிறுதசைகள் வற்றிப்போனால் தசைநாண் மாற்றமே வழி. மாற்றிய பின்னும், வேறு வேலைக்குப் பழகிய தசையை விரல் நீட்டப் பழக்க, பயிற்சியாளருடன் வாரக்கணக்கில் உழைக்க வேண்டும்.